நித்திய ஜீவனுக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு: எங்கே ஆரம்பிப்பது, என்ன செலவாகும், எவ்வளவு நாளாகும்

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: சுபாவம் மாற வேண்டும், கிறிஸ்துவின் சாயலுக்கு ஒப்பாக வேண்டும். சரி, எப்படி? எதில் ஆரம்பிப்பது? என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு வாருங்கள் என்பதோடு முடிந்துவிடும். நானும் கூட்டம் கூட்டமாகச் சுற்றி, ஆளுக்கொரு பதில் கேட்டு, குழம்பி, கடைசியில் துண்டு துண்டாகத்தான் இந்த வரிசையைப் பிடித்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். இதெல்லாம் பரலோகத்துக்கு டிக்கெட் வாங்கும் வழி இல்லை. இரட்சிப்பு கிருபையினாலே, கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2:8, 9 சொல்கிறது. ஆனால் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள், நற்கிரியைகளைச் செய்வதற்கே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று இருக்கும். முதல் இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு பத்தாம் வசனத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு எனக்குக் கிடைத்த நேரான பதில் லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மனந்திரும்பச் சொன்ன யோவான்ஸ்நானகனிடம் ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள். அவர் அவர்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு என்கிறார். வரி வசூலிக்கிறவனிடம் கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே என்கிறார். போர்ச்சேவகனிடம் யாரையும் மிரட்டிப் பிடுங்காதே, உன் சம்பளம் போதும் என்று இரு என்கிறார். துணி, பணம், வேலை. நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. ஒரு நோட்டும் தனியாக ஒரு சனிக்கிழமையும்

செலவு: நாற்பது ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று. போனில் எழுதாதீர்கள், அது எங்கெங்கோ பேக்கப் ஆகும், வீட்டில் யார் கையிலாவது கிடைக்கும்.

மூன்று தலைப்பு போதும். யாருக்குப் பணமோ பொருளோ தர வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "நான் பெருமைக்காரன்", "எனக்கு அன்பு குறைவு" என்றெல்லாம் எழுத வேண்டாம். அப்படி எழுதினால் நெகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் மறுநாள் எதையும் செய்ய முடியாது. ஆள் பெயர், என்ன நடந்தது, எவ்வளவு தொகை என்று எழுதுங்கள். ஒரே மூச்சில் முடியாது, பாதி ஞாபகம் இரண்டு மூன்று வாரத்தில்தான் வரும். எனவே பின்னால் பக்கம் விட்டு வையுங்கள். பட்டியல் தீர்ந்ததும் நோட்டை எரித்துவிடுங்கள், ரசீதுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பணத்தை முதலில் தீர்த்துவிடுங்கள்

இதில்தான் நிறையப் பேர் நழுவுகிறார்கள், ஏனென்றால் இதில் நிஜமாகவே செலவாகும்.

கணக்குக்கு ஒரு அளவு வேண்டுமென்றால் எண்ணாகமம் 5:7-ஐ எடுத்துக்கொள்ளலாம்: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். ஏமாற்றி வாங்கியது 10,000 என்றால் 12,000 ஆகத் திரும்பும். லூக்கா 19-இல் வரும் வரி வசூலிக்கிறவன் சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்றான், அது அவனாகச் சொன்னது, உங்களுக்கு அது கட்டாயமில்லை. கொடுக்க வேண்டியவர் இறந்துவிட்டாரா? வாரிசிடம் கொடுங்கள். வாரிசும் இல்லையென்றால் அது கர்த்தருக்கு என்று அடுத்த வசனமே சொல்கிறது, அப்போது காணிக்கையாகவோ ஏழைக்கோ போகலாம். ஆனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். வாரிசு இருக்கும்போதே அந்தப் பணத்தை உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதி தேடுகிறவர்கள் உண்டு. அந்தக் கடன் அப்படியே நிற்கும்.

மொத்தமாக முடியாவிட்டால் தவணை பேசுங்கள். மாதம் 500 ரூபாய் என்றாலும், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்பி, குறிப்பில் எதற்கென்று எழுதிவிடுங்கள். நாளைக்கு உங்களுக்கும் அவருக்கும் இடையில் வேறு பேச்சு வந்தால் அதுதான் ஆதாரம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளம், கடையில் வேலை பார்க்கிற பையனிடம் பிடித்த லீவுக் காசு, பாக்கி வைத்த கொத்தனார் கூலி, இதெல்லாம் பட்டியலில் வருகிறதா பாருங்கள். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4-இல் இருப்பதை மேடைகளில் அதிகம் கேட்க மாட்டீர்கள்.

வருமான வரியில் காட்டாமல் விட்ட வருமானம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. புதுப்பித்த கணக்கு, அதாவது ஐடிஆர்-யு, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 48 மாதங்கள் வரை தாக்கல் செய்யலாம். தாமதிக்கத் தாமதிக்கச் செலவு ஏறும்: வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70. துறை ஏற்கெனவே சோதனை நடத்தியிருந்தாலோ உங்கள் கணக்கைக் கையில் எடுத்திருந்தாலோ இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும், ஆடிட்டரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ரயிலில் டிக்கெட் இல்லாமல் போனதுபோன்ற சின்ன விஷயங்களுக்கு, அதே தூரத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. சிரிப்பாக இருக்கும், ஆனால் கணக்கு நேராகும்.

இனி, யாரும் தொட விரும்பாத ஒன்று: வரதட்சணை. கல்யாணப் பேச்சில் ஜெபம் செய்துவிட்டு அடுத்த வாக்கியத்தில் பவுன் பேசுகிறதை நம் சபைகளில் பார்க்காதவர்கள் யார்? 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி, வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்பது தெரிந்ததுதான். அதன் 6-ஆம் பிரிவு, பெண்ணைத் தவிர வேறு யார் கையில் வாங்கியிருந்தாலும் அதை மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மூன்று மாதம் எப்போதோ தாண்டியிருக்கும், பரவாயில்லை, இப்போதாவது செய்யுங்கள். நகை அடகில் இருந்தால் மீட்டுக் கொடுங்கள், அந்தப் பணத்தில் வாங்கிய மனையாக இருந்தால் மனைவி பெயருக்கு மாற்றுங்கள். தானப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் ஆகும், சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா அப்பா கோபப்படுவார்கள், அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: லஞ்சம், போலிப் பத்திரம், மோசடி என்று குற்ற வழக்காகக்கூடிய காரியமானால் நேராகப் போய் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். தப்பிக்க அல்ல, சரியான இடத்தில் சரியான முறையில் ஒப்புக்கொள்வதற்கு.

3. மன்னிப்புக் கேட்பது

பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது மத்தேயு 5:23, 24. ஆகவே இதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளலாம்: அடுத்த திருவிருந்து ஞாயிறு, அதாவது சபையில் அப்பமும் திராட்சரசமும் பெறுகிற நாள். உங்கள் சபையில் மாதம் ஒருமுறை என்றால் மாதம் ஒருமுறை பட்டியலைப் பார்க்கிற நாள் தானாகவே அமைந்துவிடும். தன்னைத்தானே சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்கக்கடவன் என்று பவுல் சொன்னதும் இதைத்தானே.

எப்படிக் கேட்பது? நேரில், தனியாக, சுருக்கமாக. "அண்ணாச்சி, அன்றைக்குப் பங்குப் பிரச்சினையில் உங்களைப் பற்றி மற்றவர்களிடம் பொய் சொன்னேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். "நான் இப்போது இரட்சிக்கப்பட்டுவிட்டேன், ஆகவே" என்று ஆரம்பிக்காதீர்கள். மன்னிப்பு கேட்க வந்தவன் பிரசங்கம் பண்ணினால் எவனுக்கும் எரிச்சல்தான் வரும். "மனசு புண்பட்டிருந்தால்" என்கிற வார்த்தையும் வேண்டாம், புண்பட்டது உங்களுக்குத் தெரியும். "நீங்களும் அன்றைக்கு" என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், வெளிநாட்டில் இருந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நேரம் பார்த்துப் போங்கள். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், பண்டிகையன்று போய் நிற்காதீர்கள். பொய்யைப் பத்துப் பேரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேரிடமும் போய் அது பொய் என்று சொல்வதுதான் பாதி வேலை, இதை விட்டுவிட்டு சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் அவர் பெயர் கெட்டது கெட்டதுதான்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லவும் கூடாது. ஒருவரைப் பற்றி உங்கள் மனதுக்குள் இருந்த இச்சையையோ பொறாமையையோ அவருக்கே போய்ச் சொல்வது உங்கள் பாரத்தை அவர் தலையில் இறக்கி வைப்பதுதான். அது தேவனிடமும், கீழே ஆறாவது படியில் சொல்கிற அந்த ஒரு ஆளிடமும் போதும்.

அவர் மன்னிக்காவிட்டால்? கதவைச் சாத்தினால்? "கூடுமானால், உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18-லேயே வரம்பு இருக்கிறது. திரும்பத் திரும்பப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம்.

4. மன்னிப்பது, ஆனால் ஏமாறாமல்

மூன்றாவது தலைப்புக்கு வாருங்கள். இதற்குக் காசு ஆகாது, நாள் ஆகும். சில பெயர்களுக்கு வருடக்கணக்கில் ஆகும், ஒரு ஜெபக் கூட்டத்தில் அழுது முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். தினமும் அந்த ஆள் பெயரைச் சொல்லி அவருக்கு நன்மை வேண்டி ஜெபிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வீர்கள்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. அடிக்கிற புருஷனிடம் "மன்னித்துப் போய் வாழு, அதுதான் சாட்சி" என்று பெண்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மன்னிப்பது வேறு, அடி வாங்கக் கூடவே இருப்பது வேறு. உங்களுக்கு அப்படி நடந்தால் 181-க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இருக்கும். பிள்ளைகளுக்கு ஏதாவது என்றால் 1098. சபைக்குள்ளே நடந்த துஷ்பிரயோகமானாலும் இதேதான், "ஊழியத்துக்குக் கெட்ட பெயர்" என்று யார் சொன்னாலும்.

5. தினசரி வாசிப்பும் ஜெபமும்

இதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். வேதத்தில் 1,189 அதிகாரங்கள், ஒரு நாளைக்கு மூன்றேகால் அதிகாரம் வாசித்தால் வருடத்தில் முடியும். புதியவர்கள் ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுவிடுவது வழக்கம். லூக்கா, யாக்கோபு, பிறகு நீதிமொழிகள் என்று போங்கள். நீதிமொழிகளில் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். செயலியில் இலவசம், அச்சுப் பிரதி சில நூறு ரூபாய்.

ராத்திரி படுக்கும்முன் பத்து நிமிடம், அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நாளைக்கு யாரிடம் என்ன சரிசெய்ய வேண்டும் என்று ஒன்று கிடைத்தால் போதும். கத்தோலிக்கர்களுக்கு இது ஆன்மச் சோதனை என்று பழக்கமாகவே இருக்கிறது, மற்ற சபைக்காரர்கள் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

6. ஒரே ஒரு ஆள்

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. எல்லோரிடமும் என்று சொல்லவில்லை. சாட்சி மேடையில் அழுது சொன்னது மறுநாளே ஊர் முழுக்கப் போய்விடும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர், உங்கள் பாலினத்தவர், உங்களிடம் பணம் வாங்காதவர், கொடுக்காதவர். அவர் மற்றவர்களுடைய இரகசியத்தை உங்களிடம் சொல்கிறாரா பாருங்கள். சொன்னால், உங்களுடையதும் வெளியே போகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டீக்கடையிலோ கோவில் வளாகத்திலோ அரை மணி நேரம் போதும். அவர் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: வீட்டில் எப்படிப் பேசினாய், பணத்தில் நேராக இருந்தாயா, போனில் என்ன பார்த்தாய். ஆயரையே இதற்குப் பிடிக்க வேண்டும் என்றில்லை. அவருக்கு நூற்றுக்கணக்கில் குடும்பங்கள்.

7. வீடு, நாக்கு, போன்

கலாத்தியர் 5-இல் ஆவியின் கனிக்கு ஒன்பது அம்சம் இருக்கிறது. ஒன்பதையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போகாதீர்கள். கோபத்தை எடுங்கள், ஏனென்றால் அதை அளக்க முடியும். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 கெடுவும் கொடுத்திருக்கிறது. கத்திய பிறகு சமாதானம் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறவர் ஒரு ராத்திரியில் இறங்கி வந்தால் அது வளர்ச்சி, கோபமே வராத நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மதிப்பெண் போடுகிற வேலையை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள், மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ கேளுங்கள். பதில் சொன்னதற்காக அவர்கள் மேல் பாயாமல் இருப்பதே முதல் பரீட்சை.

போனில் ஒரே ஒரு விதி: உண்மையா என்று தெரியாத எதையும் பார்வர்டு செய்யாதீர்கள், "கர்த்தருடைய நாமத்தில்" என்று ஆரம்பித்தாலும்.

8. ஞானஸ்நானமும் சான்றிதழும்

இதற்குள் ஞானஸ்நானமோ, ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் திடப்படுத்தல் என்கிற சடங்கோ பேச்சு வரும். வகுப்பு சில வாரத்திலிருந்து சில மாதம் வரை, சபைக்குச் சபை மாறும். பல சபைகளில் சந்தா பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும், உறுப்பினர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், பிறப்புச் சான்றும் புகைப்படமும் கேட்பார்கள். ஞானஸ்நானத்துக்கு என்று பெரிய தொகை கேட்டால் அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெயரை மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மாற்றினால் அரசிதழ், ஆதார், வங்கி என்று வரிசையாக அலைய வேண்டும்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று, சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்களுக்கு மட்டும்தான். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடியினருக்கு இந்தத் தடை இல்லை. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த ஆணை நியாயமில்லை என்பது என் கருத்து, மதம் மாறினால் சேரியும் மாறிவிடுகிறதா என்ன? அதை மாற்றப் போராடுவது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயரிலும் அலுவலகத்தில் ஒரு பெயரிலும் வாழ்வது இன்னொன்று. கல்லூரிச் சேர்க்கை, வேலை என்று பெரிய விலை இருக்கிறது. அந்த விலையைத் தெரிந்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து பேசி, பிறகு தண்ணீரில் இறங்குங்கள். இதைச் சொல்லாமல் அவசரப்படுத்துகிறவர் உங்கள் நலம் பார்க்கவில்லை.

9. கொடுப்பதில் உள்ள கண்ணிகள்

தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதானால் சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள், மாதக் கடைசியில் மிச்சம் இருக்காது. கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். "விதை விதையுங்கள், நூறு மடங்காகத் திரும்பும்" என்று திரையில் கியூஆர் கோடு காட்டுகிறவர்களுக்கு, தனிப்பட்ட தீர்க்கதரிசனத்துக்குத் தொகை வைத்திருக்கிறவர்களுக்கு, ஒரு ரூபாய் வேண்டாம். மத்தேயு 25-இல் ராஜா கேட்பது பசித்தவன், தாகமாயிருந்தவன், அந்நியன், வஸ்திரமில்லாதவன், வியாதிக்காரன், சிறையிலிருந்தவன் பற்றி. அந்த ஆறில் உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், கொடுத்ததைப் படம் எடுக்காதீர்கள்.

10. வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்துங்கள்

ஏசாயா 38-இல் சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு வந்த முதல் வார்த்தை இதுதான். நித்தியத்துக்கு ஆயத்தம் என்று பாடுகிற பலர், பிள்ளைகள் கோர்ட்டில் அடித்துக்கொள்ளும்படி எதையும் எழுதி வைக்காமல் போகிறார்கள். சமாதானத்தை விட்டுப்போகிறதும் குணத்தில் சேர்த்திதான்.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்பட்சத்தில் மனைவிக்கோ கணவருக்கோ மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, மகனென்றும் மகளென்றும் பேதமில்லாமல். வேறு மாதிரி வேண்டுமென்றால் உயில் எழுத வேண்டும். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சியோ அவருடைய துணையோ உயிலில் எதையும் பெறுகிறவராக இருக்கக் கூடாது, இருந்தால் அவருக்கு எழுதியது செல்லாது. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணம் ஆனதும் ரத்தாகிவிடும், மறுமணமானாலும் அப்படியே, புதிதாக எழுதுங்கள்.

உயிலோடு ஒரு தாளில் வங்கிக் கணக்குகள், காப்பீடு, நகை எங்கே, யாருக்கு இன்னும் எவ்வளவு கொடுக்க வேண்டும், நமக்கு யார் தர வேண்டும், அதில் எதைத் தள்ளுபடி செய்துவிட்டோம், அடக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் என்று எழுதி வையுங்கள். சபைச் சந்தா ரசீதையும் அதோடு சேருங்கள், அடக்க நேரத்தில் பாக்கி கேட்டு நிறுத்துகிற இடங்கள் உண்டு. பீரோவில் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்காதீர்கள். வீட்டில் இரண்டு பேருக்காவது இடம் தெரிந்திருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பர் 31 ராத்திரி பழைய வருஷ ஆராதனைக்குக் கிளம்பும்முன், எடுத்துத் திருத்தித் தேதி போட்டுவிடுங்கள்.